வன்னியின் கணித ஆசிரியர்களுக்கு: 91 ஐ முன்வைத்து ஒரு திறந்த மடல்

தரம் 6, 7 இல் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், வலயக் கல்விப் பணிமனைகளில் தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, துணுக்காய், மடு என்று வன்னியின் எல்லாப் பக்கத்திலும் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவர்கள் நீங்கள். உங்களிடம் கேட்க வந்தது ஒரே ஒரு விடயம். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் காரணிகளைக் காண்பதையும், அதை முதன்மைக் காரணிகளாக, அதாவது 1 ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் 1 ஐவிடப் பெரிய எண்களின் பெருக்கமாகப் பிரிப்பதையும், கோடு கீறி எழுதும் முறையாக மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எங்கே தேடுவது, எதுவரை தேடுவது, ஏன் அங்கே நிறுத்தலாம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுத்ததைப் பரீட்சையிலும் கேளுங்கள்.

நான் பாடசாலை ஆசிரியர் இல்லை. எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளோடு இருந்து வீட்டுப்பாடம் பார்ப்பவன். அங்கே திரும்பத் திரும்பக் காண்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

91 ஐக் கொடுத்து முதன்மைக் காரணிகளாகப் பிரிக்கச் சொன்னால், பிள்ளை கோடு கீறும். 2 ஆல் வகுத்துப் பார்க்கும், 3 ஆல் பார்க்கும், 5 ஆல் பார்க்கும். பிறகு "முதன்மை எண்" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால், "ரெண்டாலயும் போகேல்ல, மூண்டாலயும் போகேல்ல, அஞ்சாலயும் போகேல்ல, அப்ப முதன்மைதானே" என்று பதில் வரும். 7 × 13 = 91 என்று காட்டினால் ஆச்சரியப்படும். சரி, இனி 97 ஐக் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் அதே மூன்று எண்களோடு நிறுத்திச் சரியான விடையை எழுதும். காரணம் பிழை, விடை சரி. கவனமான பிள்ளையோ 7, 11, 13, 17, 19 என்று போய்க்கொண்டே இருக்கும். 97 இன் பாதி வரைக்கும் வகுத்தால்தான் நிச்சயம் என்று அதற்கு ஒரு எண்ணம். 91 இல் அவசரமாக நின்ற பிள்ளைக்கும் 97 இல் நிற்கத் தெரியாத பிள்ளைக்கும் இருப்பது ஒரே குறை. எங்கே நிற்கலாம் என்பதற்கான காரணம் இரண்டு பேர் கையிலும் இல்லை.

இந்தக் குறை ஏன் பரீட்சையில் வெளியே தெரிவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? 1 ஐ விட்டுவிட்டு 100 வரைக்கும் பாருங்கள். 2, 3, 5 மூன்றாலும் வகுபடாமல், ஆனால் முதன்மையாகவும் இல்லாமல் இருக்கும் எண்கள் மூன்றே மூன்று: 49, 77, 91. இதில் 49 உம் 77 உம் வாய்ப்பாட்டிலேயே வந்துவிடுகின்றன, அவற்றைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். மிஞ்சுவது 91 மட்டும். ஆகவே 100 க்கு உட்பட்ட எண்களையே கேட்கும் வினாத்தாளில், மூன்று எண்களோடு நிறுத்தும் பிள்ளை கிட்டத்தட்ட முழுப் புள்ளியும் எடுக்கும். ஆசிரியருக்கும் நிம்மதி, பெற்றோருக்கும் நிம்மதி. 100 ஐத் தாண்டியதும் 119, 121, 133, 143, 161, 169, 187 என்று வரிசையாக வந்து நிற்கும். அப்போது பிள்ளை தரம் 8 இலோ 9 இலோ வேறு ஒரு கணக்கின் நடுவில் இருக்கும். எங்கே பிழைத்தது என்று யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

நிறுத்தும் இடத்தைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெரிய வசதிகள் தேவையில்லை. புளியங்கொட்டை போதும். 12 கொட்டையைக் கொடுத்து, வரிசை சமமாக வரும்படி எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேளுங்கள். ஒரு வரிசையில் 12, இரண்டு வரிசையில் 6, மூன்று வரிசையில் 4. அதன் பிறகு நான்கு வரிசையில் 3 என்று வைக்கும்போதே, முன்பு வைத்ததைத் திருப்பி வைத்திருக்கிறோம் என்று எவராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். 13 கொட்டையைக் கொடுத்தால் நீளமான ஒரே வரிசை தவிர வேறு வழி இல்லை. முதன்மை எண் என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளை கையால் கண்டுவிட்டது.

பிறகு பெரிய எண்ணுக்குப் போகலாம். காணியில் 72 தென்னம்பிள்ளை வைக்க வேண்டும், எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்று கேளுங்கள். 1 × 72, 2 × 36, 3 × 24, 4 × 18, 6 × 12, 8 × 9. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், இடப்பக்க எண் கூடிக்கொண்டு போக வலப்பக்க எண் குறைந்துகொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். 8 உம் 9 உம் பக்கத்துப் பக்கத்து எண்கள். அதற்கு மேல் இடப்பக்கத்தில் எதைப் போட்டாலும் ஏற்கெனவே எழுதிய சோடிதான் திரும்பி வரும். ஒரு கன்று கூடி 73 ஆனாலோ, ஒன்று பட்டுப்போய் 71 ஆனாலோ, ஒரே வரிசைதான். 72 க்கு இரண்டு பக்கமும் முதன்மை எண்கள் நிற்கின்றன என்று சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

இங்கேதான் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கமாக எழுதினால், இரண்டும் அதன் வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது; இருந்தால் பெருக்கம் அந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் அகப்பட வேண்டும். வர்க்கமூலம் என்ற பெயரை இன்னும் படிக்காத பிள்ளைக்கு, "எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டும் என்று பார்" என்று சொன்னால் போதும். 97 க்கு 10 × 10 = 100 தாண்டிவிடுகிறது. அப்படியென்றால் 10 க்குக் கீழே உள்ள முதன்மை எண்கள் 2, 3, 5, 7. நான்கே தடவை வகுத்துப் பார்த்து, தைரியமாக முதன்மை என்று எழுதலாம். 221 க்கு 14 × 14 = 196, 15 × 15 = 225. ஆகவே 13 வரைக்கும் போக வேண்டும். 11 உடன் நிறுத்திய பிள்ளை ஏமாறும். 13 வரை போன பிள்ளைக்கு 13 × 17 அகப்படும்.

அடுக்கும் விளையாட்டிலிருந்து இன்னொரு கேள்வியும் பிறக்கும். அதை நீங்கள் கேட்காவிட்டாலும் பிள்ளைகளே கேட்பதுண்டு. காரணிகள் எல்லாம் சோடி சோடியாக வருகின்றன என்றால், காரணிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டை எண்ணாகத்தானே இருக்க வேண்டும்? 36 ஐ எடுத்துப் பார்த்தால் 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36 என்று ஒன்பது. 6 க்குச் சோடி 6 தான். ஒற்றை எண்ணிக்கையில் காரணிகள் உள்ளவை 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்கள் மட்டுமே என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் பாடவேளையை வீணான நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

வகுபடும் விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலக்கங்களைக் கூட்டி 3 ஆல் வகுபட்டால் எண்ணும் 3 ஆல் வகுபடும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஏன் என்றால் தெரியாது. சில வகுப்புகளில் ஏன் என்று கேட்பதே இடைஞ்சலாகப் பார்க்கப்படுகிறது. 10 என்பது 9 உம் 1 உம். 100 என்பது 99 உம் 1 உம். 1000 என்பது 999 உம் 1 உம். 471 இல் நான்கு 99 ஐயும் ஏழு 9 ஐயும் எடுத்து ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 4 + 7 + 1. ஒதுக்கியவை எல்லாம் 3 ஆலும் 9 ஆலும் வகுபடுபவை. ஆகவே மிஞ்சியதை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை 4 க்கு ஏன் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பார்க்கிறோம் என்பதற்கும் தானே காரணம் சொல்லும், 100 என்பது 4 ஆல் வகுபடுகிறதே என்று.

7, 11, 13 என்று வரும்போது பிள்ளைகள் திணறுகிறார்கள். நீண்ட வகுத்தலைக் கண்டதும் சோர்வு. தெரிந்த மடங்கைக் கழித்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே உண்டாக்கலாம். 91 இல் 70 போனால் 21, இரண்டும் 7 இன் மடங்கு. 133 க்கு 140 இலிருந்து 7 குறைவு, ஆகவே 7 × 19. 203 க்கு 210 இலிருந்து 7 குறைவு, ஆகவே 7 × 29. 143 என்பது 110 உம் 33 உம், ஆகவே 11 × 13. 247 என்பது 260 இலிருந்து 13 குறைவு, ஆகவே 13 × 19. கடையில் மீதிக் காசு எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது வரும். 7 × 11 × 13 = 1001 என்பதைச் சொல்லி, ஏதாவது மூன்று இலக்கத்தை இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள், 458458 மாதிரி. அது 458 × 1001. யார் எந்த எண்ணை எழுதினாலும் 7 ஆலும் 11 ஆலும் 13 ஆலும் மீதியில்லாமல் போகும். வகுத்தலைக் கண்டு ஓடும் பிள்ளைகூட இதற்கு மூன்று தடவை வகுத்துப் பார்க்கும்.

இனி, பிரித்து எழுதிய பிறகு நடப்பதைப் பார்ப்போம். உண்மையான வளம் இங்கேதான் இருக்கிறது, நாங்கள் அதிகம் கைவிடுவதும் இங்கேதான். 360 ஐப் பிள்ளைகள் அழகாகப் பிரிக்கிறார்கள்: 2 × 2 × 2 × 3 × 3 × 5. கீழே இரட்டைக் கோடு போட்டு முடிக்கிறார்கள். உடனே அதே பிள்ளையிடம் 360 க்கு எத்தனை காரணிகள் என்று கேளுங்கள். பிரித்து எழுதியதை ஒரு பக்கம் விட்டுவிட்டு 1, 2, 3, 4, 5 என்று முதலிலிருந்து தொடங்கும், நடுவில் எதையாவது தவறவிடும். எழுதி வைத்ததற்குள்ளேயே விடை கிடக்கிறது. 360 இன் எந்தக் காரணியும் இந்த ஆறு முதன்மை எண்களிலிருந்து சிலவற்றை எடுத்துப் பெருக்கியதுதான். 2 ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், நான்கு வழி. 3 க்கு மூன்று வழி. 5 க்கு இரண்டு வழி. 4 × 3 × 2 = 24. இருபத்து நான்கு காரணிகள், பன்னிரண்டு சோடிகள், கடைசிச் சோடி 18 × 20. சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே எடுக்காவிட்டால் 1, எல்லாவற்றையும் எடுத்தால் 360 என்று பிள்ளை கண்டுகொள்ளும் இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும்.

பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது), பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) இரண்டும் இதே பார்வையில் எளிதாகிவிடும். இரண்டு எண்களுக்கும் பொதுவாக உள்ள முதன்மைக் காரணிகளை எடுத்துப் பெருக்கினால் முதலாவது. எதையும் விட்டுவிடாமல், அதிகமாக வரும் பக்கத்தின்படி எடுத்தால் இரண்டாவது. எதற்கு எதை எடுப்பது என்று குழம்பும் பிள்ளைகள் ஏராளம். அந்தக் குழப்பம் வருவது, ஒரு காரணி எதனால் ஆனது என்ற படம் மனதில் இல்லாததால். எண்களின் காரணிகள் எத்தனை என்ற இந்த எளிய கேள்வியைத்தான் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் வெகுதூரம் கொண்டுபோனார். தனக்கு முந்திய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை ஆராய்ந்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1915 இல் இலண்டனில் வெளியானது. 12, 24, 36, 48, 60, 120 எல்லாம் அந்த வகை எண்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

ஒரே விதமாகத்தான் பிரியும் என்பதையும் நாங்கள் சொல்லாமலே கடந்துவிடுகிறோம். 60 ஐ ஒரு பிள்ளை 6 × 10 என்று தொடங்கும், இன்னொன்று 4 × 15 என்று தொடங்கும், மூன்றாவது 2 × 30 என்று. மூன்று கொப்பியிலும் கடைசியில் 2, 2, 3, 5. இதைப் பிள்ளைகள் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். வியக்க வேண்டிய விடயம் இது. பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்கிளிட் காலத்திலேயே இதன் அடிப்படை தெரிந்திருந்தும், இதைத் தெளிவாகச் சொல்லி முழுமையாக நிறுவியவர் ஜேர்மன் கணித அறிஞர் கவுஸ், 1801 இல். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் கொடுங்கள். உலகத்தில் இரட்டை எண்கள் மட்டுமே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த உலகத்தில் 6 ஐ மேலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் 3 அங்கே இல்லை. 2, 10, 18 ஐயும் பிரிக்க முடியாது. அங்கே 36 என்பது 6 × 6 உம் ஆகும், 2 × 18 உம் ஆகும். ஒரே எண் இரண்டு விதமாக முற்றாகப் பிரிந்துவிட்டது! எங்கள் முழு எண்களில் அப்படி நடப்பதில்லை என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று அப்போது விளங்கும்.

1 ஏன் முதன்மை எண் இல்லை என்பதற்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. 1 ஐயும் சேர்த்தால் 6 ஐ 2 × 3 என்றும், 1 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம், ஒரே விதம் என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். "1 முதன்மை இல்லை, பாடமாக்கு" என்று சொல்வதைவிட இதைச் சொல்ல எவ்வளவு நேரம் கூடப் போகிறது?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இது தரம் 7 உடன் முடிந்துவிடும் பாடம் இல்லை. 5/12 உம் 7/18 உம் கூட்டும்போது 12 ஐயும் 18 ஐயும் பெருக்கி 216 ஐப் பொதுப்பகுதியாக எடுக்கும் பிள்ளை 174/216 என்ற இடத்துக்குப் போய்த் தடுமாறும். பொ.ம.சி. 36 என்று கண்ட பிள்ளை 15 உம் 14 உம் 29, விடை 29/36 என்று எழுதிவிட்டுப் போய்விடும். 1764 இன் வர்க்கமூலம் கேட்டால் 2 × 2 × 3 × 3 × 7 × 7 என்று பிரித்துச் சோடிக்கு ஒன்றாக எடுத்து 42 என்று சொல்லிவிடலாம். பிறகு அட்சரகணிதத்தில் கோவைகளைக் காரணிப்படுத்துவது வருகிறது. எண்ணையே பிரிக்கத் தயங்கும் பிள்ளை x ஐக் கண்டதும் என்ன செய்யும்? சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் விழும் பிள்ளையின் கொப்பிகளைப் பின்னோக்கிப் புரட்டினால் பல நேரம் பின்னத்தில் வந்து நிற்போம், பின்னத்திலிருந்து காரணியில் வந்து நிற்போம்.

வன்னியில் இது இன்னும் கூடுதலாகப் பாதிக்கிறது. இன்றைய தரம் 6, 7 பிள்ளைகளின் பெற்றோரில் பலர் 1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய காலத்திலோ, அதற்குப் பிந்திய இடப்பெயர்வுகளிலோ, 2008, 2009 இலோ தங்கள் பள்ளிப் படிப்பைத் துண்டு துண்டாக இழந்தவர்கள். மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் படித்தவர்கள். பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்தால் அன்பாகப் பார்ப்பார்கள், சொல்லிக் கொடுக்க இயலாது. வவுனியா நகரத்திலோ கிளிநொச்சி நகரத்திலோ ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயும், பாண்டியன்குளம் பக்கமும், மடுவுக்கு அப்பாலும் உள்ள பிள்ளைக்கு உங்கள் பாடவேளை மட்டும்தான். அந்தப் பாடவேளையில் கிடைக்காத காரணம் அந்தப் பிள்ளைக்கு வேறெங்கும் கிடைக்கப் போவதில்லை.

பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. கதை சொன்னால் ஆர்வம் வருகிறது, பார்த்திருக்கிறேன். அலெக்சாந்திரியாவில் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த எரத்தோஸ்தனிசு, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், முதன்மை எண்களைச் சலித்தெடுக்க வழி சொன்னார். 100 வரை எண்களை எழுதி 1 ஐ வெட்டு, 2 ஐ வைத்துக்கொண்டு அதன் மற்ற மடங்குகளை வெட்டு, 3 ஐ வைத்துக்கொண்டு அதன் மற்ற மடங்குகளை வெட்டு, அப்படியே 5, 7 உடன் நிறுத்து. 25 முதன்மை எண்கள் மிஞ்சும். 7 இன் முறை வரும்போது புதிதாக வெட்டப்படுபவை முன்பு சொன்ன அந்த 49, 77, 91 மட்டும்தான்.

இன்னொரு கதை. 2 ஐ 67 தடவை எடுத்துப் பெருக்கி 1 ஐக் கழித்தால் 147573952589676412927 வரும். 1644 இல் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் அது முதன்மை என்று சொன்னார். 1876 இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது முதன்மை இல்லை என்று காட்டினார். ஆனால் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியாது. 1903 இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையில் 193707721 ஐயும் 761838257287 ஐயும் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். சபை எழுந்து கைதட்டியதாம். அந்தப் பெருக்கலை உங்கள் தரம் 7 பிள்ளை பொறுமையாக இருந்தால் தானே செய்து பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கக் கோலுக்குப் பல வருட ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன என்பார்கள்.

பெருக்குவது எளிது, பெருக்கத்திலிருந்து காரணிகளைத் திரும்ப எடுப்பது கடினம். பிள்ளை 91 இல் திணறும்போது சந்திப்பது இதே கடினத்தைத்தான். 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் இந்தக் கடினத்தையே பூட்டாக்கி, இரகசியச் செய்தி அனுப்பும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அவர்களின் பெயர் எழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. என்று அதற்குப் பெயர். அதே ஆண்டில் 129 இலக்கமுள்ள ஓர் எண்ணைச் சவாலாக வெளியிட்டார்கள். 1994 இல்தான் அது 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட இரண்டு முதன்மை எண்களாகப் பிரிந்தது; அதற்கு ஏறக்குறைய 600 பேர் தங்கள் கணினிகளை இணையம் வழியே சேர்த்து வேலை செய்தார்கள். பிள்ளைகள் அம்மாவின் போனில் பார்க்கும் இணையத்தளங்களில் பூட்டு அடையாளம் வருகிறதே, அதற்குப் பின்னால் நிற்கும் முறைகளில் இதுவும் ஒன்று. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய உண்மைதான்.

ஒரு எச்சரிக்கையும். முதன்மை எண்கள் முடிவில்லாதவை என்ற யூக்கிளிட்டின் நிறுவலைச் சொல்லும்போது, முதன்மைகளைப் பெருக்கி 1 ஐக் கூட்டினால் எப்போதும் முதன்மை வரும் என்று சில இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031, அது 59 × 509. யூக்கிளிட் சொன்னது, அப்படி வரும் எண்ணுக்கு உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு முதன்மைக் காரணி இருந்தே தீரும் என்பதுதான். 59 அந்தப் பட்டியலில் இல்லையே.

இனி வேண்டுகோள். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் எனக்குத் தெரியும். விளையாட்டுப் போட்டிக் காலமும் மழைக்காலமும் பாடவேளைகளைத் தின்றுவிடுவதும் தெரியும். ஆகவே புதிய பாடம் எதையும் கேட்கவில்லை. இந்தப் பாடத்தின் முதல் சில பாடவேளைகளில் கோடு கீறி வகுக்கும் முறையைத் தொடாமல், அடுக்குவதும் சோடி எழுதுவதும் மட்டும் நடக்கட்டும். 100 வரையான எண்களிலிருந்து முதன்மை எண்களைச் சலித்தெடுக்கும் அட்டையைப் பிள்ளைகளே செய்து வகுப்புச் சுவரில் ஒட்டட்டும், ஆண்டு முழுதும் அது அங்கேயே இருக்கட்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்பது இதைவிட முக்கியம், ஏனென்றால் எது கேட்கப்படுகிறதோ அதுதான் வகுப்பில் கற்பிக்கப்படும். "பின்வரும் எண்ணின் முதன்மைக் காரணிகளைக் காண்க" என்ற வினா இருக்கட்டும். அதோடு ஒவ்வொரு தவணைத் தாளிலும் காரணம் கேட்கும் ஒரு வினாவையாவது சேருங்கள். "127 முதன்மை எண் என்று காட்ட எந்தெந்த எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்? ஏன்?" என்று கேட்கலாம். 12 × 12 = 144 தாண்டிவிடுகிறது, ஆகவே 2, 3, 5, 7, 11 போதும் என்று எழுதும் பிள்ளைக்கு முழுப் புள்ளி. "ஓர் எண்ணை 2 × 2 × 3 × 7 என்று பிரித்து எழுதியுள்ளார்கள். வகுக்காமல், 14 அதன் காரணியா, 9 அதன் காரணியா என்று சொல்க" என்று கேட்கலாம். "ஒற்றை எண்ணிக்கையில் காரணிகள் உள்ள ஓர் எண்ணை 50 க்கும் 70 க்கும் இடையில் தருக" என்று கேட்கலாம். 100 க்கு மேற்பட்ட ஓர் எண்ணாவது தாளில் வரட்டும், 119 அல்லது 143.

புள்ளி போடும்போது, 7 ஆல் வகுத்துப் பார்த்துப் போகவில்லை என்று எழுதிய வரிக்கும் புள்ளி கொடுங்கள். இப்போது பிள்ளைகள் சரிவராத முயற்சிகளை அழிறப்பரால் அழித்துவிடுகிறார்கள், அவை பிழை என்று நினைத்து. 97 முதன்மை என்பதற்கு அந்தச் சரிவராத நான்கு வகுத்தல்கள்தான் நிறுவல். அவற்றை அழிக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்பார்கள்.

மாலை வகுப்பில் பயன்படுத்தும் 60 எண்களின் பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது; எந்த எண்ணில் பிள்ளைகள் எப்படித் தவறுகிறார்கள் என்ற குறிப்போடு. அடுத்த தவணை வினாத்தாளுக்காக நீங்கள் கூடும்போது தேவைப்பட்டால், எந்த வலயமானாலும் படி எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன். வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, அதில் எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுங்கள்.

அன்புடன்,
வன்னியில் மாலை வகுப்பு நடத்தும் ஒருவர்